கேளுங்கோ, சொல்லுறன்: தண்ணி எத்தினை அடி?

கே: டீவியில ஒரு அதிகாரி வெள்ளத்துக்கு "தீர்மான உதவி சிஸ்டம்" வச்சிருக்கிறம் எண்டு சொன்னார். அது என்ன, கம்ப்யூட்டரே முடிவெடுக்குமோ? அப்ப பெரியாக்கள் எதுக்கு?
(வெல்லம்பிட்டி வாசகி)

ப: முடிவெடுக்காது தங்கச்சி, எடுக்கிறவருக்கு முன்னால கணக்கை விரிச்சு வைக்கும், அவ்வளவுதான். உங்கட களனி ஆத்தையே பாருங்கோவன். மேல கித்துல்கல பக்கம் அடிச்சு ஊத்துற மழை கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல எண்டு இறங்கி கடைசியா கொழும்பில ஆத்து மட்டம் பாக்கிற நாகலகம் வீதி அளவுகோலுக்கு வர மணித்தியாலக்கணக்கு எடுக்கும், எங்களுக்குக் கிடைக்கிற அவகாசமே அதுதான். அங்க 5 அடி எண்டா சிறு வெள்ளம், 7 அடி எண்டா பெரு வெள்ளம். ஆனா வெறுமன "5 அடி" எண்டு சொன்னா டீ.எஸ். ஒஃபிசில, அதுதான் பிரதேச செயலகத்தில, இருக்கிற மனுசன் என்ன செய்யிறது? அதுக்குத்தான் சிஸ்டம். ஆத்து மட்டம், மழை, மேப், கிராம சேவகரிட்ட இருக்கிற குடும்ப லிஸ்ட், எந்த வீட்டில படுக்கையில கிடக்கிற கிழவி, எந்தப் பள்ளிக்கூடம் மேட்டில, எத்தினை போட் இருக்கு, எல்லாத்தையும் ஒண்டுக்கு மேல ஒண்டாப் போட்டு "இன்னும் ஒரு அடி ஏறினா இந்த ஒழுங்கைக்குள்ள லொறி போகாது, ஆக்களை எடுக்கிறதெண்டா இப்பவே எடுங்கோ" எண்டு காட்டும்.

2016 மே வெள்ளத்தில எங்கட பெரியம்மாவும் உங்கட பக்கம்தான் இருந்தவ. ஃப்ரிட்ஜை ரெண்டு கதிரைக்கு மேல ஏத்திப்போட்டு, இதுக்கு மேல வராது எண்டு தேத்தண்ணி ஊத்திக்கொண்டு இருந்தா. ஃபோனுக்கு மெசேஜ் வந்தது, சிங்களத்தில மட்டும். அவவுக்குச் சிங்களம் நல்லாப் பேச வரும், வாசிக்க வராது, பக்கத்து வீட்டுப் பொடியன் ஓடிவந்து வாசிச்சுச் சொல்லேக்க தண்ணி வாசற்படியில. ஃப்ரிட்ஜும் கதிரையும் சேந்து மிதந்தது. மெசேஜ் அனுப்பினவையின்ர கணக்கில அவவுக்கு "அறிவிச்சாச்சு", அதைத்தான் இண்டைக்கும் பொறுக்க ஏலாமல் கிடக்கு.

கே: அம்மா ஹட்டனில. மண்சரிவுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எண்டு சொல்லுறாங்கள், சும்மா பயமுறுத்தவோ?
(கொட்டாஞ்சேனை வாசகர்)

ப: இல்லை. 24 மணித்தியாலத்தில மழை 75 மில்லிமீட்டர் தாண்டினா மஞ்சள், 100 தாண்டினா செம்மஞ்சள், 150 எண்டா சிவப்பு, சிவப்பெண்டா வெளிக்கிட வேணும். இதில கெட்டித்தனம் என்னெண்டா, சண்டையை முன்கூட்டியே பகலில பிடிச்சு முடிச்சாச்சு. இரவு ரெண்டு மணிக்கு ஒரு அதிகாரி "இவ்வளவு சனத்தையும் எழுப்பிப்போட்டு மலை சரியாட்டி நாளைக்கு எனக்கு ஏச்சு" எண்டு தயங்கிக்கொண்டு நிக்கத் தேவையில்லை, அந்த நம்பர் அவருக்குத் துணை. ஆனா மழைமானி ஒரு இடத்தில, உங்கட அம்மாவின்ர மலை இன்னொரு இடத்தில, அதால கலரை மட்டும் பாத்துக்கொண்டு இருக்கவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. சுவரில புது வெடிப்பு, மரம் சரியிறது, ஊத்துத்தண்ணி திடீரெண்டு கலங்கி வாறது, இதுகளைக் கண்டா மஞ்சளோ சிவப்போ எண்டு பாக்காமல் வெளிக்கிடட்டும்.

கே: சுனாமி நேரம் எங்கட பொடியள் செஞ்ச சொஃப்ட்வெயார் வெளிநாட்டிலயும் ஓடுதாமே, மகன் சொல்லுறான்.
(வெள்ளவத்தை வாசகி)

ப: மகன் சொன்னது சரி. பேர் சஹானா, சிங்களத்தில சஹன எண்டா நிவாரணம். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு ஆளாளுக்குப் பேப்பரில லிஸ்ட் எழுதினவை, ஒரு முகாமில பருப்பு குவிஞ்சு கிடக்கும், அடுத்த முகாமில பால்மா இல்லை, ஒரே பிள்ளையை மூண்டு பேர் மூண்டு விதமா எழுதித் தேடினவை. இங்கத்தைய கம்ப்யூட்டர் ஆக்கள் சம்பளம் இல்லாமல் இருந்து காணாமல் போனவை, முகாம், உதவி செய்யிற அமைப்புகள், ஆருக்கு என்ன தேவை எண்டு எல்லாத்தையும் ஒரே இடத்தில கொண்டுவந்தினம். 2005 பாகிஸ்தான் பூமியதிர்ச்சிக்கும் 2010 ஹெயிட்டிக்கும் அது போனது. ஆரும் எடுத்துப் பாவிக்கலாம், காசு இல்லை.

கே: ஏ.ஐ. வந்தா எல்லாம் சரியாகுமோ?
(தெஹிவளை வாசகர்)

ப: எங்கட ஒழுங்கை லிஸ்ட்டில செத்து நாலு வருசமான தாத்தா இன்னும் உயிரோட இருக்கிறார். ஏ.ஐ. அவருக்கும் ஒரு போட் அனுப்பும்.