திருகோணமலை டொக்யார்ட் (கடற்படைக் கப்பல்துறை), சீனக்குடா: கேள்வி பதில்

கேள்வி: என் அம்மப்பா டொக்யார்ட்டில் ஸ்டோர்ஸில் வேலை செய்தவர். அங்கே என்ன வேலை நடந்திருக்கும், ஐயா?

பதில்: எல்லாரும் பீரங்கியைத்தான் கேட்பார்கள். நீங்கள் ஸ்டோர்ஸைக் கேட்டது மெத்தச் சந்தோஷம், மகள். போர்க்கப்பல் நங்கூரம் போட்டவுடன் எண்ணெய், குடிநீர், சாப்பாட்டுச் சாமான், வெடிபொருள், கயிறு, பெயின்ட், உதிரிப்பாகம் எல்லாம் கேட்கும். வரவு செலவைப் பதிந்து சாமானைக் கப்பலுக்கு அனுப்புவதுதான் ஸ்டோர்ஸின் வேலை. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்த பிறகு பிரிட்டனின் கிழக்குக் கடற்படைக்குத் திருகோணமலைத் துறைமுகம் முக்கியமாகிவிட்டது. 1957 ஒக்டோபர் 15-இல் தளம் இலங்கையிடம் வந்தது. பிரிட்டிஷ்காரன் தந்த வேலைகளும் பிறகு போயின. பழைய பிரிட்டிஷ் கடற்படை ஆவணங்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: மிதக்கும் டொக் (கப்பலைத் தூக்கிப் பழுதுபார்க்கும் மிதவை மேடை) ஒன்று திருகோணமலையில் மூழ்கியது உண்மையா?

பதில்: உண்மை. 1944 ஓகஸ்ட் 8. மிதக்கும் டொக்கின் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பினால் அது தாழும், கப்பல் உள்ளே வரும். தண்ணீரை இறைத்தால் கப்பலோடு சேர்ந்து மேலே எழும்பும். எந்தத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்பது கப்பலின் பாரத்துக்கு ஒத்துவர வேண்டும். அன்று அது ஒத்துவரவில்லை. முப்பதாயிரம் தொன்னைத் தாண்டிய 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் உள்ளே இருக்கும்போதே டொக் முறிந்தது. கப்பல் மூழ்காமல் தப்பினாலும் சுக்கானும் உந்துவிசிறிகளும் பழுதாகின. பிறகு அது போர்முனைக்குத் திரும்பவே இல்லை. எதிரியின் குண்டு செய்யாததை இறைப்பு வேலையில் வந்த பிழை செய்தது.

கேள்வி: திருகோணமலையின் ஆங்கிலப் பெயர் கொண்ட 'டிரின்கோமலி' என்ற கப்பல் இங்கேதானே கட்டப்பட்டது?

பதில்: இல்லை. பம்பாயில், 1817. இப்போது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் நிற்கிறது.

கேள்வி: சீனக்குடா எண்ணெய்க் குதத்தில் (பெரிய எண்ணெய்த் தொட்டியில்) மோதிய ஜப்பான் விமானி தற்கொலைப் படைதானே?

பதில்: 1942 ஏப்ரல் 9 தாக்குதலில் விமானம் மோதி 91-ஆம் குதம் அழிந்தது. ஜப்பான் தற்கொலைப் படையை அமைத்து இறக்கியது 1944 ஒக்டோபரில், பிலிப்பைன்ஸில். அந்தப் பெயரை இங்கே ஒட்டாதீர்கள்.

கேள்வி: வேண்டுமென்றே மோதியதாக எங்கள் ஊரில் சொல்கிறார்களே?

பதில்: தம்பி, அடிபட்ட விமானி ஒருவன் கடைசி நிமிடத்தில் எடுக்கிற முடிவு வேறு, மேலிடம் கட்டளையிட்டு அனுப்புவது வேறு. படை என்றால் பயிற்சி, கட்டளை, பெயர்ப்பட்டியல் எல்லாம் வேண்டும். 1942-இல் அது கிடையாது.

கேள்வி: அப்படியென்றால் அவன் வீரன் இல்லையா?

பதில்: வீரத்தை நான் அளக்கவில்லை, ஆண்டைத்தான் சொல்கிறேன். இதே கேள்வி மூன்றாம் முறை வருகிறது; இனி இதற்குப் பதில் இல்லை.

கேள்வி: காட்டுக்குள் போய் 91-ஆம் குதத்தைப் பார்க்கலாமா? பழைய ஷெல் (பீரங்கிக் குண்டு) ஏதும் கிடைக்குமா?

பதில்: அனுமதி இல்லாமல் போக வேண்டாம். துருப்பிடித்த ஷெல்லைக் கண்டால் தொடாதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள், பொலிசுக்குச் சொல்லுங்கள். எண்பது வருடம் கிடந்த வெடிமருந்தும் வெடிக்கும்.

கேள்வி: இப்போது குதங்கள் யாரிடம்?

பதில்: 99 குதங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் கொள்ளும். 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 14 லங்கா ஐஓசியிடம் (இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளை), 24 இலங்கை அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கம்பனியிடம். அரசியல் வாதம் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பிடியுங்கள்.

கேள்வி: கடற்கரையில் ஷெல் போல ஒன்று எடுத்தேன், படம் அனுப்பவா?

பதில்: படம் வேண்டாம். வைத்த இடத்திலேயே விட்டு விலகி, இப்போதே பொலிசைக் கூப்பிடுங்கள்.