கச்சான் காற்றில் சைக்கிளோட்டம்: கேள்வி பதில்

ஆனிக் கடைசியில் நம் ஊர் இளைஞர்கள் நடத்தும் சைக்கிளோட்டப் போட்டி வருகிறது. திருகோணமலை நகரில் புறப்பட்டு, உப்புவெளி, நிலாவெளி வழியாகக் குச்சவெளி சென்று திரும்ப வேண்டும். 60 கிலோமீற்றருக்கு மேல். சாதாரண சைக்கிளுக்கு ஒரு பிரிவு, ரேஸ் சைக்கிளுக்கு ஒரு பிரிவு. நெடுங்காலம் ஓடியவன், இப்போது பிள்ளைகளைப் பழக்குகிறவன் என்பதால் என்னிடம் கேள்விகள் வந்திருக்கின்றன. வந்த ஒழுங்கிலேயே பதில் சொல்கிறேன்.

அண்ணா, எனக்கு 17 வயது. அப்பாவின் பழைய லுமாலா சைக்கிள்தான் இருக்கிறது. கரியர், ஸ்டாண்ட், பிரேக் எல்லாவற்றையும் கழற்றினால் பாரம் குறையும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். (உப்புவெளி)

தம்பி, கரியரையும் ஸ்டாண்டையும் கழற்று. பிரேக்கில் கை வைக்காதே. முப்பது பேர் நெருங்கி ஓடும் கூட்டத்தில் பிரேக் இல்லாத ஒருவன் மற்ற இருபத்தொன்பது பேருக்கும் ஆபத்து. அப்படி யாராவது வந்தால் புறப்படும் இடத்திலேயே இறக்கிவிடும்படி நடுவர்களிடம் நானே சொல்வேன்.

பாரத்தை விட நீ பார்க்க வேண்டியது பற்களின் கணக்கு. முன் செயின்வீலில் 44 பல், பின் பிரீவீலில் 18 பல், 26 அங்குலச் சில்லு என்று வைத்துக்கொள். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சைக்கிள் ஏறத்தாழ 5.1 மீற்றர் போகும். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 28 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. பின்னால் 16 பல் போட்டால் அதே மிதிக்கு 31 வரும். உடனே கடைக்கு ஓடாதே. 18 பல்லில் நிமிடத்துக்கு 90 சுற்றை அரை மணி நேரம் விடாமல் மிதிக்க முடிகிறதா என்று முதலில் பார். முடியாதவன் 16 பல் போட்டால், திரும்பி வரும்போது காற்று முகத்தில் அடிக்க, மிதி நின்றுவிடும்.

செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு எண்ணெய் விடு. பிறகு பழந்துணியால் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிடு. வழிய விட்ட எண்ணெயில் நிலாவெளி மணல் ஒட்டிக்கொண்டு செயினை அரைக்கும். ரயரின் பக்கவாட்டில் எவ்வளவு காற்று என்று அச்சிட்டிருக்கும். அதற்கு மேல் அடிக்காதே.

மகன் கார்பன் சைக்கிள் கேட்கிறான். கடன் எடுத்தாவது வாங்கிக் கொடுக்கலாமா? (நான்காம் கட்டை)

வேண்டாம் ஐயா. கூட்டத்தில் ஓடத் தெரியாத பிள்ளைக்கு விலை கூடிய சைக்கிள், விழும்போது விலை கூடிய நட்டம். முதலில் ஒரு நல்ல தலைக்கவசமும் இரண்டு புதிய ரயரும் வாங்கிக் கொடுங்கள். சீட்டின் உயரத்தையும் சரிபாருங்கள். சீட்டில் அமர்ந்து, பெடல் அடியில் நிற்கும்போது குதிக்காலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடங்கும். செலவே இல்லாத இந்தத் திருத்தத்தால் வேகம் கூடிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

பயிற்சிக்கு எந்த வீதி நல்லது? (தம்பலகாமம்)

உங்கள் பக்கத்திலிருந்து சீனன்குடா, கிண்ணியா வரை போய்த் திரும்புங்கள். 2009 இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலத்தில் காற்று மறைப்பே இல்லாமல் அடிக்கும். சைக்கிளை நேராகப் பிடிக்கப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை. கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் இருட்டோடு போகாதீர்கள், யானை நிற்கும் வீதி அது. நகருக்குள் விடியலில் மான்கள் குறுக்கே பாயும். ஒன்று பாய்ந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்று எண்ணியே வேகத்தைக் குறையுங்கள்.

சென்ற முறை போகும்போது முதல் கூட்டத்தோடுதான் இருந்தேன். திரும்பும் வழியில் இறக்கக்கண்டி தாண்டியதும் ஒரே நிமிடத்தில் விடுபட்டுப் போனேன். கால் சோர்ந்திருக்கவும் இல்லை. ஏன்? (நிலாவெளி)

இத்தனை கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பிழை உங்கள் காலில் இல்லை, நீங்கள் நின்ற இடத்தில்.

வீதியின் திசையைப் பாருங்கள். திருகோணமலையிலிருந்து குச்சவெளிக்குப் போகும் வீதி வடக்கும் வடமேற்குமாகச் செல்கிறது. கச்சான் தென்மேற்கிலிருந்து வருகிறது. ஆகவே போகும்போது இடப்பக்கத்திலிருந்து, சற்றே பின்னிருந்து அடிக்கும். திரும்பும்போது வலப்பக்கத்திலிருந்து, சற்றே முன்னிருந்து. விடியலில் அடங்கிக் கிடக்கும் காற்று வெயில் ஏற ஏறப் பலக்கும் என்பதால், போகும்போது தெரியாதது திரும்பும்போது அறையும்.

பக்கக் காற்றில், முன்னால் போகிறவரின் நேர் பின்னால் நின்றால் மறைப்பு இல்லை. காற்று வலமிருந்து வந்தால் அவருக்குப் பின்னால் சற்று இடப்பக்கம்தான் மறைப்பு. உங்களுக்குப் பின்னால் வருபவருக்கு இன்னும் சற்று இடப்பக்கம். இப்படிச் சாய்வாக ஒரு வரிசை விழும். வாகனங்கள் ஓடும் வீதியில் நமக்கு இடப் பாதி மட்டுமே உண்டு. நான்கைந்து பேர் சாய்ந்து நின்றதும் தார் முடிந்து மணல் தொடங்கிவிடும். ஆறாவது ஆள் எங்கே நிற்பது? தாரின் ஓரத்தில், மறைப்பே இல்லாமல், முன்னால் போகிறவரின் சில்லை மட்டும் பிடித்துத் தொங்க வேண்டும். ஏழாவது, எட்டாவது ஆளுக்கும் அதே கதி. அவர்களில் ஒருவருக்கு மூச்சு வாங்கியதும் இடைவெளி விழும். பின்னால் உள்ள அத்தனை பேரும் அதோடு போனார்கள். நீங்கள் அந்த ஓரத்தில் நின்றிருக்கிறீர்கள்.

செய்ய வேண்டியது இரண்டு. குச்சவெளியில் திரும்பும் முன்பே முதல் ஐந்து பேருக்குள் வந்துவிடுங்கள். திரும்பிய பின் முன்னேற முயல்வது வீண். அப்படியும் ஓரத்தில் அகப்பட்டால், அங்கே தொங்கிச் சாகாமல், பக்கத்தில் இருப்பவர்களைக் கூப்பிட்டு இரண்டாவது சாய்வரிசை போடுங்கள். நான்கு பேர் முறை வைத்து இழுத்தால் முதல் கூட்டத்தைக் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் வைத்திருக்கலாம். உப்புவெளியை நெருங்கும்போது வீடுகளும் மதில்களும் காற்றை உடைக்கும். அங்கே எட்டிப் பிடிக்கலாம்.

சாய்வரிசையில் ஒரு ஆபத்து உண்டு. முன்னால் போகிறவரின் பின்சில்லும் உங்கள் முன்சில்லும் பக்கத்துப் பக்கமாக வரும். அவர் ஒரு கையளவு அசைந்தாலும் இரண்டும் உரசும். உரசினால் விழுவது பின்னால் இருப்பவர்தான், எப்போதும். பழகாதவர்கள் சில்லை அவருக்குப் பின்னாலேயே நிறுத்துங்கள், கொஞ்சம் காற்றை வாங்கினாலும் பரவாயில்லை.

தம்பி, ஒரு வயதானவனின் கேள்வி. முழுத் தூரமும் முன்னால் நின்று காற்றை வாங்கியவன் தோற்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து வந்தவன் கடைசி 200 மீற்றரில் பாய்ந்து வெல்கிறான். இது ஓட்டமா, களவா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், ஓர்ஸ்ஹில்)

ஐயா, களவு இல்லை. வீதியோட்டத்தின் விதி அதை அனுமதிக்கிறது. யார் யாருடைய மறைவிலும் நிற்கக் கூடாது என்பது தனிநேர ஓட்டத்தில்தான். அங்கே ஒவ்வொருவராக விடுவார்கள், கடிகாரம்தான் எதிரி.

ஓரளவு வேகத்துக்கு மேல், சமதரையில் நம் வலுவை அதிகம் தின்பது காற்றுத்தான். அதை வெல்லத் தேவைப்படும் வலு வேகத்தின் மும்மடியாக ஏறும். 30 இலிருந்து 40 கிலோமீற்றருக்கு ஏற ஏறத்தாழ 2.4 மடங்கு. நெருங்கிப் பின்னால் நிற்பவர் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வலுவை மிச்சம் பிடிக்கிறார். இது தெரிந்தும் கடைசி வரை முன்னால் நின்று இழுத்தவரிடம் நான் கேட்பேன்: ஏன் முறை கேட்கவில்லை? ஏன் வேகத்தைக் குறைத்து அவரை முன்னே வர வைக்கவில்லை? காற்று பக்கத்திலிருந்து அடிக்கும்போது தார் ஓரத்துக்குப் போய் அவருடைய மறைப்பை ஏன் பறிக்கவில்லை?

ஆசிரியர் ஐயா சொல்வது சரிதானே அண்ணன்? ஒரே ஊர்ப் பிள்ளைகள் நால்வர் சேர்ந்து ஒருவனை வெல்ல வைக்கிறார்கள். தனியாக வந்தவன் என்ன செய்வான்? (மூதூர்)

தனியாக வந்தவர் அந்த நால்வரின் மறைவில் நிற்பார். இழுப்பது அவர்கள் வேலை. அவரிடம் யாரும் முறை கேட்க முடியாது. நால்வர் உழைத்து ஒருவர் வெல்வதுதான் இந்த விளையாட்டின் அழகு என்று நான் மனதார நம்புகிறேன். மற்றவனுக்குக் காசு கொடுத்து விலகச் சொல்வது வேறு. அதைச் செய்பவர்களை ஊர் ஒதுக்க வேண்டும்.

விதி அனுமதிப்பதெல்லாம் நியாயம் ஆகாது தம்பி. உழைத்தவனுக்குக் கூலி எங்கே? (மீண்டும் ஓர்ஸ்ஹில் ஆசிரியர்)

உங்களைப் போலவே எண்ணிய பெரியவர் ஒருவர் இருந்தார் ஐயா. 1903 இல் பிரான்ஸ் சுற்றோட்டத்தை (டூர் டி பிரான்ஸ்) தொடங்கிய ஹென்றி டெக்ராஞ்ச். வீரர்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு ஓடுவது அவருக்குப் பிடிக்கவே இல்லை. 1927 இல் பெரும்பாலான கட்டங்களில் அணிகளைத் தனித்தனியே புறப்பட வைத்தார். பார்ப்பவர்களுக்கு யார் முன்னால் என்றே விளங்கவில்லை. சில ஆண்டுகளில் அந்த முறை கைவிடப்பட்டது. வீரன் எதிராளியின் கண்ணைப் பார்த்து ஓடும் ஓட்டத்தைத்தான் மக்கள் விரும்பினார்கள்.

ஆனால் கூலி என்று கேட்டீர்களே, அது நியாயம். அதே சுற்றோட்டத்தில் 1953 முதல், நாளுக்கு நாள் முன்னே வந்து புள்ளி சேர்ப்பவருக்குப் பச்சைச் சட்டை கொடுக்கிறார்கள். நம் ஏற்பாட்டாளர்களும் குச்சவெளித் திருப்பத்தை முதலில் தொடுபவருக்கு ஒரு பரிசு வைக்கலாம். நேரில் கேட்கப் போகிறேன். நீங்களும் கூட வாருங்கள்.

இந்த வாதத்தில் இன்னும் பலர் எழுதியிருக்கிறார்கள். இருவர் ஒருவரை ஒருவர் திட்டியும் இருக்கிறார்கள். அவற்றுக்குப் பதில் இல்லை.

என் தம்பி மோட்டார் சைக்கிளில் முன்னால் போனால் நான் பின்னால் வரலாமா? தண்ணீரும் கொடுப்பான். (அநுராதபுரச் சந்தி)

கூடாது. இதுதான் களவு. மோட்டார் சைக்கிளின் மறைவில் ஓடுபவரைப் போட்டியிலிருந்து விலக்க வேண்டும். கூட்டத்துக்குள் வண்டியை நுழைக்கும் தம்பிமார் வெற்றியை மட்டுமல்ல, உயிரையும் எடுக்கக் கூடியவர்கள். தம்பியை நிலாவெளிச் சந்தியில் போத்தலோடு நிற்கச் சொல்லுங்கள்.

பெண்கள் ஓடலாமா? பிரிவு இல்லை என்கிறார்கள். (பாலையூற்று)

ஓடுங்கள் தங்கச்சி. நான்கு பேராகச் சேர்ந்து பெயர் கொடுங்கள், பிரிவு தானாக வரும். இடுப்பெலும்பு அகலத்துக்கு ஏற்ற சீட்டைத் தேடிப் போட்டுக்கொள்ளுங்கள். கடையில் கிடைத்ததோடு வலியைச் சகித்து ஓட வேண்டாம். சனிக்கிழமைக் காலைக் கூட்ட ஓட்டத்துக்கு வாருங்கள், இடம் உண்டு.

எந்தச் சைக்கிள் வாங்கலாம்?

நான்காம் கட்டை ஐயாவுக்குச் சொன்னதே.

காலையில் என்ன சாப்பிடுவது? எவ்வளவு தண்ணீர்? (கன்னியா)

மூன்று மணி நேரம் முன்பு இடியப்பமோ பிட்டோ, பழகிய உணவு. எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். சட்டைப் பையில் இரண்டு கதலி வாழைப்பழம். மணிக்கு அரை லீற்றர் முதல் முக்கால் லீற்றர் வரை, சிறிது சிறிதாக. இரண்டு போத்தலில் ஒன்றில் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த தூள்) கரைத்துக்கொள்ளுங்கள். கடையில் யாரோ விற்கும் பெயர் தெரியாத சக்தி மாத்திரையைத் தொடாதீர்கள்.

எனக்குச் சலரோகம். ஓடலாமா?

மருத்துவரிடம் கேளுங்கள். நான் சொல்லக் கூடாது.

எந்தச் சைக்கிள் நல்லது அண்ணா? லுமாலாவா, வெளிநாட்டுப் பழையதா?

மேலே வாசியுங்கள். பிரேக் பிடிக்கும் சைக்கிள்.

தலைக்கவசம் கட்டாயமா? வெக்கையாக இருக்கிறது. (லவ்லேன்)

இதே கேள்வியை வேறு பலரும் கேட்டிருக்கிறார்கள். உலகின் சிறந்த வீரர்களும் முன்பு வெக்கை என்றுதான் சொன்னார்கள். 2003 மார்ச்சில் பாரிஸ்–நீஸ் ஓட்டத்தில் கசகஸ்தான் வீரர் ஆந்திரே கிவிலெவ் தலைக்கவசம் இல்லாமல் விழுந்து இறந்தார். அதே ஆண்டில் சர்வதேசச் சைக்கிளோட்டச் சம்மேளனம் அதைக் கட்டாயமாக்கியது. என்னோடு பழகும் எந்தப் பிள்ளையும் அது இல்லாமல் வீதிக்கு ஏறுவதில்லை.

விழுந்தால் என்ன செய்வது? (சாம்பல்தீவு)

முதலில் தாரை விட்டு விலகுங்கள். பின்னால் வருபவர்கள் உங்கள் மேல் ஏறக் கூடும். தலை அடிபட்டிருந்தால், எவ்வளவு தெளிவாக இருப்பதாகத் தோன்றினாலும் திரும்ப ஏறாதீர்கள், நேரே ஆசுபத்திரி. அடிபட்ட தலைக்கவசம் வெடிக்காதது போலத் தெரிந்தாலும் அதை மறுபடி போடக் கூடாது. உராய்வை ஓடும் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் மணல் போகும்வரை கழுவுங்கள். வலிக்கும், ஆனால் உள்ளே கிடக்கும் மணல்தான் பின்னர் சீழ் கட்டும். ஏற்பு ஊசி போட்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.