ஒரே வினவல் பழைய சர்வரில் வேகமாகவும் புதிய சர்வரில் மந்தமாகவும் ஓடுவது ஏன்?

ஒரே தரவு, ஒரே வினவல். பழைய சர்வரில் ஒரு நொடிக்குள் கிடைக்கும் விடை, அதைவிட வலுவான புதிய சர்வரில் நிமிடக்கணக்கில் இழுக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் என்று குறிப்பிட்டிருப்பதால் அதை வைத்தே சொல்கிறேன். சிபியுவையும் ராமையும் ஒப்பிடுவதைத் தள்ளி வையுங்கள். இரண்டு சர்வர்களும் ஒரே வழியில்தான் விடையைத் தேடுகின்றனவா என்பது முதலில் தெரிய வேண்டும்.

இரண்டிலும் அந்த வினவலின் முன் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் (வினவலை ஓட்டி, அது விடை தேடிய படிகளின் திட்டத்தைக் காட்டும் கட்டளை) சேர்த்து, பஃபர்ஸ் விவரத்துடன் (எத்தனை தரவுப் பக்கங்கள் படிக்கப்பட்டன என்பது) ஓட்டுங்கள். (அப்டேட், டெலீட் என்றால் டிரான்சாக்‌ஷனுக்குள் ஓட்டி ரோல்பேக் செய்து மாற்றத்தை நீக்குங்கள், இந்தக் கட்டளை தரவை உண்மையாகவே மாற்றிவிடும்.) பிறகு நேரத்தைப் பார்ப்பதற்கு முன், திட்டத்தின் உள்படிகளிலிருந்து தொடங்கி, மதிப்பிட்ட பதிவுகளின் எண்ணிக்கையும் உண்மையில் வந்த எண்ணிக்கையும் முதன்முதலில் எந்தப் படியில் பெரிதாக விலகுகின்றன என்று தேடுங்கள்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஏறத்தாழ 40 லட்சம் பதிவுகள் கொண்ட அட்டவணையை டம்ப் எடுத்துப் புதிய சர்வரில் ஏற்றினேன்; ஏற்றம் விரைவாக முடியட்டும் என்று ஆட்டோவேக்யூமை (அட்டவணைகளின் புள்ளிவிவரங்களையும் தானாகத் திரட்டும் பின்னணி வேலை) நானே நிறுத்திவிட்டு, மறுபடி இயக்க மறந்துவிட்டேன். வினவலில் இரண்டு சமநிலை நிபந்தனைகள் இருந்தன. புள்ளிவிவரம் இல்லாத நெடுவரிசைக்கு, 200 வெவ்வேறு மதிப்புகள் இருப்பதாகப் போஸ்ட்கிரெஸ் தானாக எடுத்துக்கொள்ளும். எனவே 40 லட்சத்தை இருமுறை 200 ஆல் வகுத்து, 100 பதிவுகள்தாம் வரும் என்று மதிப்பிட்டது. வந்தவையோ மூன்று லட்சத்துக்கும் மேல். நூறு என்று நம்பித் தேர்ந்தெடுத்த நெஸ்டட் லூப் (ஒவ்வொரு பதிவுக்கும் மறு அட்டவணையில் தேடும் முறை), அடுத்த அட்டவணையை மூன்று லட்சம் முறை தட்டிக்கொண்டிருந்தது. புள்ளிவிவரங்களைத் திரட்டும் அனலைஸ் என்ற தனிக் கட்டளையை ஒருமுறை ஓட்டியதும், திட்டம் ஹேஷ் ஜாயினாக (ஒரு அட்டவணையை நினைவகத்தில் அடுக்கி மற்றதைப் பொருத்தும் முறை) மாறி, சிக்கல் தீர்ந்தது. அதற்கு முன் வட்டின் மீது பழி போட்டு நான் வீணாக்கியது ஒரு முழு நாள்.

மதிப்பீடுகள் சரியாக இருந்தும் வேகம் குறைந்தால், இரு சர்வர்களின் அமைப்புகளை ஒப்பிடுங்கள். வரிசைப்படுத்தல் போன்ற வேலைகளுக்கு ஒதுக்கும் நினைவகமான ஒர்க் மெம் இயல்பாக 4 எம்பிதான். பழைய சர்வரில் யாரோ அதை உயர்த்தியிருந்து புதியதில் உயர்த்தவில்லை என்றால், வரிசைப்படுத்தல் வட்டுக்குப் போய்விடும். வெளியீட்டில் ‘எக்ஸ்டர்னல் மெர்ஜ்’ என்று வருவதே அதற்கு அடையாளம். வட்டில் அங்கங்கே தாவிப் படிப்பதற்கான மதிப்பிட்ட செலவான ரேண்டம் பேஜ் காஸ்ட் இயல்பாக 4. எஸ்எஸ்டி வட்டில் அதைக் குறைக்காவிட்டால் இண்டெக்ஸைத் (தேடலை விரைவாக்கும் சுட்டுவரிசை) தவிர்த்து முழு அட்டவணையையும் படிக்க வாய்ப்புண்டு. முதல் ஓட்டம் மட்டும் மந்தம் என்றால் அது கேஷ் நிரம்பாததன் விளைவு, பொருட்படுத்த வேண்டாம்.

எளிதில் கண்ணில் படாதது கொலேஷன், அதாவது எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி. பழைய தரவுத்தளம் ‘சி’ கொலேஷனிலும் புதியது ஏதேனும் ஒரு மொழியின் கொலேஷனிலும் உருவாக்கப்பட்டிருந்தால், சொல்லின் தொடக்கத்தை வைத்துத் தேடும் லைக் வினவலுக்குச் சாதாரண பி-ட்ரீ இண்டெக்ஸ் பயன்படாது. இண்டெக்ஸ் இருக்கிறது, ஆனால் தொடப்படுவதில்லை என்ற குழப்பம் பலமுறை இங்கிருந்துதான் வருகிறது. டெக்ஸ்ட் பேட்டர்ன் ஆப்ஸ் வகையில் தனி இண்டெக்ஸ் ஒன்றை உருவாக்கினால் போதும்.

எக்ஸ்பிளெய்ன் காட்டும் நேரம் இரு சர்வர்களிலும் ஒன்றாகவே இருந்து, செயலியில் மட்டும் தாமதம் தெரிந்தால், செயலி ஒரு பக்கத்துக்கு எத்தனை வினவல்களை அனுப்புகிறது என்று எண்ணுங்கள். தரவுத்தளம் அதே கணினியில் இருந்தவரை ஐந்நூறு சிறு வினவல்கள் உறைத்திருக்காது. போய்வர 2 மில்லிநொடி ஆகும் தொலைவில், அவை மட்டுமே ஒரு நொடியை விழுங்கிவிடும்.