மலைக்குப் போகும்போது 70-200 எஃப்/2.8 லென்ஸைத் தூக்கிக்கொண்டு போகலாமா?

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு மூன்று நாள் கோத்தகிரி, குன்னூர், ஊட்டி போகிறோம். என்னிடம் 70-200 எஃப்/2.8 லென்ஸ் இருக்கிறது. நல்ல லென்ஸ், ஆனால் கனம். எடுத்துப் போகலாமா, வீட்டில் வைத்துவிட்டுப் போகலாமா?

பதில்:

நீங்கள் சொல்லும் பயணத்துக்கு வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும். கோத்தகிரியில் ஒரு காலைப் பொழுதைச் சோலைக்காட்டுக்கு என்று தனியாக ஒதுக்க முடிந்தால் மட்டும் எடுத்துப் போங்கள். எடுத்துப்போய் வருந்தியிருக்கிறேன், எடுத்துப்போகாமலும் வருந்தியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் இருப்பது கோவையில். மேட்டுப்பாளையம் தாண்டினால் மலை என்பதால் வருடத்துக்கு ஐந்தாறு தடவையாவது ஏறிவிடுவேன். என்னுடையது நிக்கானின் பழைய 70-200 எஃப்/2.8 (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் வாய் பெரிதாகத் திறக்கும், வெளிச்சம் அதிகம் வரும்), வி.ஆர். (கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி) இரண்டு, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. லென்ஸ் மட்டும் 1,540 கிராம். டி750 கேமரா பேட்டரியோடு 840 கிராம். இரண்டும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 2.4 கிலோ. மிரர்லெஸ் கேமராக்களுக்கு வந்த புது லென்ஸ்கள் இளைத்திருக்கின்றன: கேனான் ஆர்.எஃப். 70-200 எஃப்/2.8 1,070 கிராம், சோனியின் இரண்டாம் ஜி.எம். 1,045 கிராம். உங்களுடையது அப்படி ஒன்று என்றால் கணக்கு கொஞ்சம் மாறும், ரொம்ப மாறாது.

ஏனென்றால் காலையில் பையைத் தோளில் மாட்டும்போது எடை தெரியாது. எனக்கு அது தெரிந்தது குன்னூர் சிம்ஸ் பூங்காவில். அப்போது பையனுக்கு மூன்று வயது. அம்மா, மனைவி, பையன், நான். அந்தப் பூங்கா சரிவில் இறங்கும், உங்களுக்குத் தெரிந்திருக்கும். கீழே குளம் வரைக்கும் பையன் குதித்துக்கொண்டே இறங்கினான். திரும்பி ஏறும்போது பாதியிலேயே உட்கார்ந்துவிட்டான். என் தோளில் கேமரா பை, அதற்குள்ளேயே தண்ணீர் பாட்டிலும். (நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டில் தடை என்பதால் வீட்டிலிருந்து ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோக வேண்டும், அந்த எடையையும் கணக்கில் சேருங்கள்.) நான் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு அம்மா, "அந்தப் பையை எங்கிட்டக் குடு கண்ணு, நீ புள்ளையைத் தூக்கிக்க" என்று கையை நீட்டினார். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் பையை வாங்கினேன். பட்டை அழுத்தியதில் தோளில் சேலை நசுங்கி, அதற்குக் கீழே சதை சிவந்து கோடு விழுந்திருந்தது. அன்று அந்த லென்ஸை நான் ஒரு தடவைகூட வெளியே எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் படங்களையும் கணினியில் ஏற்றி, எது எந்த லென்ஸில் எடுத்தது என்று பிரித்துப் பார்த்தேன். மொத்தம் 412. அதில் 70-200-இல் எடுத்தவை 19. அந்த 19-இலும் 11 படங்கள் தங்கியிருந்த அறையின் பால்கனியில் நின்று எடுத்தவை. நீங்களும் முடிவு செய்வதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். கடைசியாகக் குடும்பத்தோடு போன பயணத்தின் படங்களை எடுத்து, 100 மி.மீ.-க்கு மேல் எத்தனை, எஃப்/4-ஐவிடப் பெரிதாகத் திறந்து எடுத்தது எத்தனை என்று எண்ணுங்கள். நான் சொல்வதைவிட உங்கள் படங்கள் சொல்வது உங்களுக்குப் பொருத்தமாக இருக்கும்.

அந்த அனுபவத்துக்கு அப்புறம் அடுத்த தடவை லென்ஸை பீரோவில் வைத்துவிட்டு, 24-120 எஃப்/4-ஐயும் எடை குறைந்த 70-300-ஐயும் எடுத்துக்கொண்டு கோத்தகிரி போனேன். இந்தத் தடவை குடும்பம் வரவில்லை, ஒரு நண்பரும் நானும் மட்டும். அனுமதி கேட்டுக்கொண்டு விடிகாலையில் லாங்வுட் சோலைக்குள் போனோம். கோத்தகிரி ஊரை ஒட்டியே இருக்கிற காடு, பரப்பு சுமார் 116 ஹெக்டேர். 2024-இல் ராம்சார் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவித்தார்கள். ஊருக்கே தண்ணீர் தரும் காடு என்று அங்கே இருப்பவர்கள் சொல்வார்கள்.

சோலைக்குள் போனதில்லை என்றால் அந்த வெளிச்சத்தைக் கற்பனை செய்வது கஷ்டம். மரங்கள் அவ்வளவு உயரமில்லை, ஆனால் தலைகள் ஒன்றோடொன்று பின்னி மூடியிருக்கும். அடிமரமெல்லாம் பாசி, கிளைகளில் பெரணி. வெளியே தேயிலைத் தோட்டத்தில் கண் கூசும்போதும் உள்ளே விளக்கு வைத்த நேரம் போலத்தான் இருக்கும். ஒரு வளைவில் நண்பர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். இடுப்புயரத்தில் ஒரு கொடி. அதில் குருவியைவிடச் சிறிய ஒரு ஈப்பிடிப்பான்: தலையும் இறக்கையும் கன்னங்கரேலென்று, மற்றதெல்லாம் பழுத்த ஆரஞ்சு நிறம். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பகுதிகளில் மட்டும் வாழும் பறவை. சருகில் இறங்கி எதையோ கொத்தும், திரும்பவும் அதே கொடியில் வந்து உட்காரும். எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை, நான்கைந்து மீட்டர் தூரம்தான்.

கையில் இருந்த 70-300-இன் வாய் 300 மி.மீ.-யில் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்குக் கேமராவின் உணர்திறன்) 6400 வைத்தும் ஷட்டர் வேகம் 1/50 நொடிதான் கிடைத்தது. வி.ஆர். இருக்கிறதே என்று தைரியமாக முப்பது, நாற்பது படம் எடுத்தேன். கொடி அத்தனையிலும் கூர்மையாக வந்திருந்தது, பாசியின் இழைகூடத் தெரிந்தது. பறவை மட்டும் ஒன்றில்கூட இல்லை, ஓர் ஆரஞ்சுத் தீற்றல்தான். வி.ஆர். நிறுத்துவது என் கை நடுக்கத்தை. பறவை தலையைத் திருப்புவதை அது எப்படி நிறுத்தும்? அதற்கு ஷட்டர் வேகம் வேண்டும், வேகத்துக்கு வெளிச்சம் வேண்டும். 5.6-இலிருந்து 2.8 என்பது இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு வெளிச்சம். அதே ஐ.எஸ்.ஓ.-வில் 1/50 இருந்த இடத்தில் 1/200 கிடைத்திருக்கும். வீட்டு பீரோவில் கிடந்த லென்ஸ் அன்று என் கையில் இருந்திருக்க வேண்டும்.

அந்தக் குறை மனதைவிட்டுப் போகவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்த லென்ஸை மட்டும் மாட்டிக்கொண்டு, வேறு லென்ஸ் எதுவும் இல்லாமல், தனியாக மறுபடி போனேன். ஈப்பிடிப்பான் கண்ணில் படவில்லை. ஆனால் சோலைக்கிளி கிடைத்தது. பேரில்தான் கிளி, உண்மையில் தரையோரம் திரியும் சிறிய நீலப் பறவை. 2017-இல் இதற்கும் இதன் உறவுப் பறவைக்கும் சோலிகோலா என்று தனிப் பேரினமே கொடுத்தார்கள், சோலை என்ற நம் சொல் அறிவியல் பெயரில் ஏறிவிட்டது என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம். எஃப்/2.8, 1/200, ஐ.எஸ்.ஓ. 3200. ஒற்றைக்கால் ஸ்டாண்டில் லென்ஸைத் தாங்கிக்கொண்டு கால் மணி நேரம் அசையாமல் நின்றேன். கண் கூர்மை, மார்பின் நீலம் நீலமாகவே வந்திருக்கிறது. வால் நுனி மட்டும் மங்கல். 5 மீட்டர் தூரத்தில் 200 மி.மீ.-யை 2.8-க்குத் திறந்தால் கூர்மையாக விழும் ஆழம் 10 செ.மீ. அளவுதான். அது தெரிந்தே எடுத்தது. அன்று 2.4 கிலோ எனக்குப் பாரமாகவே இல்லை. தூக்கிக்கொண்டு திரியவேண்டிய வேறு எதுவும் இல்லை, அவசரப்படுத்தவும் ஆளில்லை.

ஆக, நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: இருட்டும் அசைவும் ஒரே இடத்தில் சேர்ந்து வரப்போகிறதா? இருட்டு மட்டும் என்றால் வி.ஆர். அல்லது ஸ்டாண்ட் போதும். அசைவு மட்டும் என்றால், வெயிலில் எந்த லென்ஸும் வேகம் கொடுக்கும். இரண்டும் சேரும் இடத்தில்தான் அந்தப் பெரிய கண்ணாடிக்கு வேலை. உங்கள் மூன்று நாளில் அப்படி இடம் எங்கே என்று பாருங்கள்.

தொட்டபெட்டாவிலும் கோடநாடு காட்சிமுனையிலும் இல்லை. அங்கே எஃப்/8-இல்தான் எடுப்பீர்கள். மலை மலையாக அடுக்கி எடுக்க 200 மி.மீ. நன்றாக இருக்கும், ஆனால் அதற்கு எஃப்/4 லென்ஸே போதும். நிக்கானில் அது 850 கிராம்.

பனிமூட்டத்தில் இந்த லென்ஸ் அழகாக இருக்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். யோசித்துப் பாருங்கள், மூட்டம் என்பது உங்களுக்கும் எதிரில் இருப்பதற்கும் நடுவில் நிற்கிறது. தூரம் கூடக்கூட நடுவில் வெள்ளையும் கூடும். 30 மீட்டர் தள்ளி நின்று 200 மி.மீ.-யில் எடுத்தால் சாம்பல் பூசினது போல வரும். 35-ஐயோ 50-ஐயோ மாட்டிக்கொண்டு பக்கத்தில் போனால், முன்னால் இருக்கும் ஆள் தெளிவாகவும் பின்னால் இருக்கும் மரம் கரைந்தும் வரும். மலையில் மூட்டம் வந்தால் நான் நீள லென்ஸைக் கழற்றிவிடுவேன்.

மலை ரயிலில் போவதாக இருந்தால் இன்னும் வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கி.மீ., ஏற கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். பெட்டிக்குள் முழங்காலோடு முழங்கால் இடித்துத்தான் உட்கார முடியும். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரப் பாதை, குன்னூர் வரைக்கும் என்ஜின் பின்னாலிருந்து தள்ளும். வளைவுகளில் எட்டிப் பார்த்து எடுக்க 24 மி.மீ. போதும். ஹில்குரோவில் நிற்கும்போது குரங்குகள் பையை நோட்டம் விடும், அங்கே லென்ஸ் மாற்றாதீர்கள்.

மனிதர்களைப் படம் எடுக்கும் ஆசை இருந்தால் அதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். மார்கழி, தை வாக்கில் பேரகணியில் ஹெத்தையம்மன் விழா நடக்கும். நீலகிரியில் வாழும் படகர் சமூகத்தார் வெள்ளை உடுத்தித் திரளாக வருவார்கள். ஒரு வருடம் பெரிய லென்ஸோடு ஓரமாக நின்றிருந்தேன். அதன் வாய் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் முகங்கள் இறுகுவது எனக்கே தெரிந்தது. கழற்றிவிட்டு 50 மி.மீ. எஃப்/1.8 மாட்டினேன், 185 கிராம்தான். ஒரு பெரியவரிடம் போய், "எடுக்கலாங்களா, ஐயா?" என்று கேட்டேன். "கோயிலுக்குள்ள வேண்டாம், இங்க எடுத்துக்கோ தம்பி" என்றார். அன்றைய நல்ல படங்கள் எல்லாம் அதற்கப்புறம் வந்தவை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதே 50 போதும், இல்லையென்றால் 85 எஃப்/1.8. பின்னணி மங்கல் வேண்டும் என்பதற்காக மட்டும் ஒன்றரைக் கிலோ தேவையில்லை, 350 கிராம் 85-இலேயே அது வந்துவிடும். வெளிச்சமும் 2.8-ஐவிட அதிகம்.

எடுத்துப் போவது என்று முடிவு செய்தால் ஈரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஐப்பசியில் மழையோடு மழையாகச் சுற்றிவிட்டு, வீட்டுக்கு வந்த களைப்பில் பையைத் திறக்காமல் அப்படியே அலமாரியில் வைத்துவிட்டேன். மூன்று வாரம். அப்புறம் எடுத்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால், முன் கண்ணாடிக்கு உள்ளே ஓரத்தில் சிலந்தி நூல் போல ஐந்தாறு இழை கிளைவிட்டிருந்தது. பூஞ்சை. சுத்தம் செய்ய ஆன செலவில் இன்னும் இரண்டு தடவை மலையேறியிருக்கலாம். ஊர் திரும்பிய அன்றே பையைக் காலி செய்து துடைத்து, காற்று புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

இறங்கும் அன்று இன்னொன்று. ஊட்டி 2,240 மீட்டர். அங்கே விடிகாலைக் குளிரில் ஊறிய லென்ஸை, இரண்டு மணி நேரம் கழித்து மேட்டுப்பாளையத்துப் புழுக்கத்தில் திறந்தால் கண்ணாடி முழுக்க வேர்த்துவிடும். துணியால் தேய்க்கத்தான் கை போகும், தேய்க்காதீர்கள். ஜிப்பைப் போட்டபடியே விடுங்கள். இறங்கி டீ குடித்து, பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்து, ஒரு முக்கால் மணி நேரம் ஆனதும் பையைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இல்லை என்றால் திறக்கலாம்.