எட்டுப் பையன்கள், 240 மணி நேரம், ஒரு கன மீட்டர் குழி

கிண்டிப் பொறியியல் கல்லூரியைப் பற்றியும் என்.எஸ்.எஸ். எனப்படும் நாட்டு நலப்பணித் திட்டத்தைப் பற்றியும் வந்த கேள்விகள் இந்த முறை.

கிண்டி காலேஜ் 1794-இல் ஆரம்பித்தது என்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழகம் 1978-இல் பிறந்தது என்கிறார்கள். என் மகன் அங்கேதான் படிக்கிறான், அவனுக்கும் குழப்பம். எது சரி?
– வாசகி, திண்டிவனம்

இரண்டும் சரி. உங்கள் மகனின் கல்லூரிக்கு வயது அதிகம். அதை உள்ளடக்கிய பல்கலைக்கழகம்தான் இளையது.

1794 மே மாதம் கிழக்கிந்தியக் கும்பெனியின் வானியலாளரும் நில அளவையாளருமான மைக்கேல் டாப்பிங் சென்னைக் கோட்டைக்கு அருகே ஒரு சர்வேப் பள்ளியைத் தொடங்கினார். எட்டே பையன்கள். இங்கிலாந்திலிருந்து சர்வேயர்களைக் கப்பலேற்றி வரவழைத்துக் கட்டுப்படியாகாது. சங்கிலி பிடிக்க, கோணம் எடுக்க, கணக்குப் போட, படம் வரைய இங்கேயே ஆள் தயாராக வேண்டும். பள்ளிக்கு வேறு நோக்கம் கிடையாது. டாப்பிங் 1796-இல் இறந்ததும் ஜான் கோல்டிங்ஹாம் பொறுப்பேற்றார். மைசூரை அளந்த காலின் மெக்கன்சியின் குழுவில் இந்தப் பள்ளியில் தேறியவர்கள் உதவியாளர்களாக இருந்தார்கள்.

அறுபது ஆண்டுகளுக்கு மேல் அது வெறும் தொழிற்பள்ளிதான். சாலை, கால்வாய், ரயில் என்று வேலைகள் பெருகிய பிறகு அளப்பவர் மட்டும் போதவில்லை, கட்டுபவரும் வேண்டியிருந்தது. 1858-இல் சிவில் இன்ஜினீயரிங் பள்ளி ஆயிற்று, 1859-இல் கல்லூரி. 1857-இல்தான் சென்னைப் பல்கலைக்கழகம் வந்திருந்தது, அதனோடு இணைந்தார்கள். பெயர்ப்பலகை எப்போது மாறியது என்பதைவிட எந்தப் பாடம் எப்போது சேர்ந்தது என்று பார்த்தால் வளர்ச்சி நன்றாக விளங்கும்: 1894-இல் மெக்கானிக்கல், 1930-இல் எலெக்ட்ரிகல், 1945-இல் தொலைத்தொடர்பும் நெடுஞ்சாலையும். சேப்பாக்கத்திலிருந்து கிண்டிக்குக் குடிபெயர்ந்தது 1920-இல்.

1978 செப்டம்பர் 4 அன்று நான்கு நிறுவனங்களைச் சேர்த்துப் பல்கலைக்கழகம் ஆக்கினார்கள்: கிண்டிக் கல்லூரி, 1944-இல் தொடங்கிய அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி (ஏ.சி. டெக் என்றால்தான் பலருக்குத் தெரியும்), குரோம்பேட்டையில் சி. ராஜம் 1949-இல் தொடங்கிய எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி. பேரறிஞர் அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்ற முதல் பெயர் 1982-இல் அண்ணா பல்கலைக்கழகம் என்று சுருங்கியது. 2001-இலிருந்து மற்ற பொறியியல் கல்லூரிகளும் இதனோடு இணைந்தன. 2007-இல் பிரித்தார்கள், 2012-இல் மறுபடி ஒன்றாக்கினார்கள். அந்த ஐந்தாண்டுக்குள் படித்தவர்களின் சான்றிதழில் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான்.

நிலத்தைச் 'சென்ட்' கணக்கில் சொல்கிறோமே, அதற்கும் சர்வேக்காரர்களின் சங்கிலிக்கும் சம்பந்தம் உண்டா?
– வாசகர், மன்னார்குடி

உண்டு. நிலம் அளக்கும் குன்டர் சங்கிலியின் நீளம் 66 அடி, அதில் 100 கண்ணிகள். ஒரு கண்ணி ஒரு 'லிங்க்'. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், அதாவது ஒரு லட்சம் சதுர லிங்க். அதில் நூற்றில் ஒரு பங்கு சென்ட்: 1,000 சதுர லிங்க், நம் கணக்கில் 435.6 சதுர அடி. பழைய புலப்படங்களில் லிங்க் கணக்கு இருப்பதைப் பார்க்கலாம்.

சங்கிலி அளவில் பிழை எங்கே வரும் என்றால், இழுத்து இழுத்து வளையங்கள் விரிந்து சங்கிலி நீண்டுவிடும். நீண்ட சங்கிலியால் அளந்தால் தூரம் குறைவாகக் காட்டும். கண்ணி வளைந்து சங்கிலி குட்டையானால் தூரம் கூடும். பலர் இதைத் தலைகீழாக நினைத்துத் திருத்தம் போடுவார்கள், தேர்விலும்தான்.

கிண்டிக் கல்லூரியில் முதலில் படித்த பெண்கள் யார்?
– மாணவி, சிவகாசி

அ. லலிதா 1940-இல் எலெக்ட்ரிகல் பிரிவில் சேர்ந்தார். இளம் வயதில் கணவரை இழந்தவர், கைக்குழந்தைக்காரி. அவருடைய தந்தை பப்பு சுப்பா ராவ் அங்கே பேராசிரியர். சிவில் பிரிவில் பி.கே. திரேசியாவும் லீலம்மா ஜார்ஜும் சேர்ந்தார்கள். சான்றிதழ்த் தாளில் ஆண்பாலில் 'அவன்' என்றே அச்சடித்திருந்ததால், அதை அடித்து 'அவள்' என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள். திரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

நாட்டு நலப்பணி கட்டாயமா, விருப்பமா? எங்கள் கல்லூரியில் 80 மணி நேரம் என்கிறார்கள், சீனியர்கள் 240 என்கிறார்கள்.
– முதலாமாண்டு மாணவர், ஓசூர்

இரண்டு வேறு வேறு கணக்கு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறை தேசிய மாணவர் படை (என்.சி.சி.), என்.எஸ்.எஸ்., தேசிய விளையாட்டு அமைப்பு, இளைஞர் செஞ்சிலுவை நான்கில் ஒன்றில் சேரச் சொன்னது. சுமார் 80 மணி நேரப் பயிற்சி, சுமார் ஏழு நாள் முகாம். பயிற்சியில் 75 சதவீத வருகை வேண்டியிருந்தது, முகாமுக்குப் போயே ஆக வேண்டியிருந்தது. இதை முதலாண்டிலேயே முடிக்க வேண்டும் என்றும், தக்க காரணம் இருந்தால் கல்லூரித் தலைவர் இரண்டாமாண்டுக்குத் தள்ள அனுமதிக்கலாம் என்றும் இருந்தது. இது பட்டத்துக்கான நிபந்தனை.

240 என்பது என்.எஸ்.எஸ். சான்றிதழுக்கு: ஆண்டுக்கு 120 வீதம் இரண்டு ஆண்டு, கூடவே ஒரு சிறப்பு முகாம். 120-இல் 20 மணி அறிமுகப் பயிற்சி, மீதி வேலை. 80-ஐ முடித்துவிட்டு "எனக்கு ஏன் சான்றிதழ் வரவில்லை" என்று மூன்றாமாண்டில் திட்ட அலுவலரிடம் போய் நிற்பவர்கள் ஏராளம். வேலை செய்த அன்றே பதிவேட்டில் தேதி, இடம், என்ன வேலை, எத்தனை மணி என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஆண்டுக் கடைசியில் நினைவிலிருந்து எழுதுகிறவர்கள் பரீட்சை நாளில் மரம் நட்டதாகவெல்லாம் எழுதி மாட்டிக்கொள்வார்கள்.

கட்டாயமா என்ற விவாதம் பழையது. 1959-இல் சி.டி. தேஷ்முக் தலைமையில் அமைத்த குழு, பள்ளியை முடித்துக் கல்லூரியில் சேர விரும்புகிறவர்கள் எல்லாருக்கும் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாயச் சேவை என்றது. செலவையும் ஆள்பலத்தையும் நினைத்தால் நடக்கிற காரியமில்லை. பல நாடுகளின் முறைகளை ஆராய்ந்த கே.ஜி. சையிதைன், விருப்பச் சேவையாகத் தொடங்கலாம் என்று அறிக்கை கொடுத்தார். அந்த வழியில்தான் காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று, வி.கே.ஆர்.வி. ராவ் கல்வி அமைச்சராக இருந்தபோது, 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு என்.எஸ்.எஸ். ஆரம்பமாயிற்று. நைஜீரியாவில் 1973 முதல் பட்டதாரிகள் ஓராண்டு தேசியச் சேவைக்குப் போகிறார்கள். நம்மிடம் அப்படி எதுவும் இல்லை.

இன்னொன்று. என்.சி.சி.யில் இந்தி ஆணைச்சொற்கள் கூடாது என்று 1968 ஜனவரி 23 அன்று தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அப்போது முதல்வர் அண்ணா. இன்று அவர் பெயரில் உள்ள பல்கலைக்கழகத்தின் அந்த 2017 பட்டியலில் என்.சி.சி. முதலாவதாக நிற்கிறது.

முகாமில் எங்கள் அணிக்கு உறிஞ்சுகுழி (வீட்டுக் கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் குழி) வெட்டும் வேலை. போன வருடம் வெட்டியவை எல்லாம் மூன்றே மாதத்தில் நிரம்பி வழிகின்றனவாம். எங்கே தவறு?
– தொண்டர், அரியலூர்

பெரும்பாலும் மண்ணைப் பார்க்காமல் வெட்டியிருப்பார்கள். குழி போடும் இடத்தில் ஓரடி ஆழச் சிறு குழி தோண்டி முதல் நாள் மாலையே தண்ணீர் நிரப்பி ஊறவிடுங்கள். மறுநாள் அரையடி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி ஒரு குச்சியை நட்டு, மட்டம் ஓர் அங்குலம் இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அரை மணிக்குள் இறங்கினால் குழி போடலாம். ஒரு மணிக்கு மேல் ஆனால் அந்த மண் ஏற்காது, எத்தனை ஆழம் வெட்டினாலும் பயனில்லை. கரிசல் களியில் இதுதான் நடக்கும். அங்கே தண்ணீரை வாழை, கீரைப் பாத்திக்குத் திருப்பிவிடுவதே மேல்.

மண் சரியென்றால் ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழம். கிணற்றிலிருந்து 50 அடி, சுவரிலிருந்து 10 அடி தள்ளி. கடப்பாரை முனையால் பக்கச் சுவரைக் கீறிவிடுங்கள், மண்வெட்டி தேய்த்த வழவழப்பில் நீர் இறங்காது. அடியில் ஐந்தாறு அங்குலக் கல், நடுவில் நாலு அங்குலம், மேலே இரண்டு அங்குலம், ஒவ்வொன்றும் சுமார் ஓரடி உயரத்துக்கு. நன்றாக வெந்த செங்கல் துண்டும் ஆகும். வேகாத செங்கல் கரைந்து சேறாகும். கல்லில் ஒட்டிய தூளைச் சலிக்காமல் கொட்டுவது அடுத்த தவறு, அந்தத் தூளே அடியில் படிந்து அடைக்கும். மேலே சாக்கு விரித்து மண் மூடவும். தண்ணீர் விழும் இடத்தில், அடியில் ஓட்டை போட்ட மண்பானைக்குள் தேங்காய் நார் அடைத்து வையுங்கள். எண்ணெயும் பருக்கையும் அதில் நிற்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை நாரை மாற்ற வேண்டும். மூன்று மாதத்தில் நிரம்பிய குழிகளில் நாரை ஒரு தடவையாவது மாற்றினார்களா என்று அந்த வீட்டம்மாவைக் கேளுங்கள்.

துவைகல்லிலிருந்து குழிவரை போகும் குழாய்க்கு வாட்டம் வேண்டும்: நாலு மீட்டருக்கு எட்டு சென்டிமீட்டர். கண்மட்டத்தை நம்பாதீர்கள். கொத்தனாரிடம் டியூப் லெவல் கேளுங்கள். தெளிவான குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனைகளையும் தூக்கிப் பிடித்தால் மட்டம் ஒன்றாக நிற்கும். குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் மட்டம் பொய் சொல்லும், தட்டித் தட்டி வெளியேற்றுங்கள்.

ஏழு நாளில் முதல் நாள் தொடக்க விழாவுக்கும் கடைசி நாள் நிறைவு விழாவுக்கும் போய்விடும். மிஞ்சும் ஐந்து நாளில் ஐம்பது பேர் நாற்பது குழி வெட்டுவோம் என்று துண்டறிக்கையில் போடாதீர்கள். பழக்கமில்லாத கைகள் ஒரு கன மீட்டர் மண்ணை எடுக்கவே ஒரு நாள் பிடிக்கும், கல் சுமப்பது தனி. பத்து வெட்டி, பத்தும் வேலை செய்தால் போதும்.

என்.எஸ்.எஸ். பேட்ஜில் இருக்கும் சக்கரத்தில் எட்டுக் கம்பிகள் ஏன்?
– மாணவி, கரூர்

அது கோனார்க் சூரியக் கோயில் தேர்ச்சக்கரம். எட்டும் நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கும், கம்பிக்கு மூன்று மணி. சிவப்பு இரத்தத்துக்கு, கருநீலம் அண்டத்துக்கு.