அப்பாவின் ரத்தத்தில் பி-டவ் 217 கூடுதல்: அல்சைமர்தானா?

வணக்கம். அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார், பி-டவ் 217 கூடுதலாக வந்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 2.4, அதாவது கூடுதல், என்பதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டதே அதுதான்.

டவ் என்பது நரம்பணுக்களில் இருக்கும் புரதம். அல்சைமரில் மூளையில் அமிலாய்டு என்ற இன்னொரு புரதம் படியும்போது, 217ஆம் இடத்தில் பாஸ்பேட் ஒட்டிய டவ், அதாவது பி-டவ் 217, ரத்தத்தில் கூடுகிறது. அளப்பது பிக்கோகிராம் கணக்கில். அதாவது ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால், அல்சைமர் இல்லாதவருக்கும் இந்த எண் ஏறலாம்.

ஆகவே இதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். அமெரிக்காவில் 2025 மே மாதம் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்த லூமிபல்ஸ் என்ற ரத்தப் பரிசோதனைகூட இதைத் தனியாகப் பார்ப்பதில்லை, அமிலாய்டில் ஒரு வகையான அமிலாய்டு 1-42 உடன் விகிதமாகத்தான் பார்க்கிறது. அதையும் மற்றப் பரிசோதனைகளோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

நரம்பியல் மருத்துவரிடம் கிரியாட்டினின் ரிப்போர்ட்டை முதலில் நீட்டுங்கள். பி12, தைராய்டு பார்த்தாயிற்றா? சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டால் பி12 குறையலாம். பி12 குறைவால் வரும் மறதிக்குச் சிகிச்சை உண்டு. அப்புறம் எம்ஆர்ஐ, தேவைப்பட்டால் மூளையில் அமிலாய்டு படிந்திருக்கிறதா என்று காட்டும் பெட் ஸ்கேன்.

அதுவரை அப்பாவிடம் அல்சைமர் என்ற பெயரைச் சொல்ல வேண்டாம் என்பது என் எண்ணம். என்ன மறந்தார், எப்போது மறந்தார் என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.