பிடிஎஸ் குழுவின் உலகச் செல்வாக்கு ஏன் குறைந்தது?

எங்கு பார்த்தாலும் தென்கொரிய பாப் பாடகர் குழுவான பிடிஎஸ் என்றிருந்த காலம் போய், 2022-க்கு அப்புறம் சத்தமே இல்லையே, மவுசு போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். மவுசு போகவில்லை. ராணுவப் பணிக் காலத்தில் குழுவாக அவர்கள் மேடையில் இல்லை, அவ்வளவுதான்.

2020-இல் வந்த 'டைனமைட்' அமெரிக்காவின் பிரபலப் பாடல்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்தது. கூட்டுப் பாடல்களையும் சேர்த்தால், 2021 முடிவதற்குள் ஆறு பாடல்கள் அந்த உச்சியைத் தொட்டன. அந்த வேகத்தை நிறுத்தியது கட்டாய ராணுவப் பணி.

தென்கொரியாவில் உடல்தகுதியுள்ள ஆண்கள் சுமார் ஒன்றரை ஆண்டு ராணுவத்தில் இருந்தாக வேண்டும். ஒலிம்பிக் பதக்கம் வென்றவருக்கும் சர்வதேசப் போட்டியில் ஜெயித்த செவ்வியல் இசைக் கலைஞருக்கும் சலுகை உண்டு; பாப் பாடகருக்குக் கிடையாது. 2020-இல் சட்டத்தைத் திருத்தி 30 வயதுவரை தள்ளிப்போட மட்டும் அனுமதித்தார்கள். எனக்கு இது இன்றும் நியாயமாகப் படவில்லை.

பிடிஎஸ் உறுப்பினர்களில் ஜின் 2022 டிசம்பரில் முதலில் போனார். கடைசியாக சுகா 2025 ஜூனில் பணி முடித்தார். இடையில் ஸ்ட்ரே கிட்ஸ் போன்ற குழுக்கள் வளர்ந்துவிட்டன. ஆனால் 2023-இல் பிடிஎஸ்ஸின் ஜிமின், ஜங்குக் இருவருமே தனிப்பாடலுக்கு ஹாட் 100 முதலிடம் பெற்றார்கள். ரசிகர்கள் எங்கும் போய்விடவில்லை.